சித்திரைக் குழப்பம்

வருஷம் பிறந்து ஒன்பது நாளாகியும் காற்று அசையவில்லை. வாடைக்காற்று போய்விட்டது, தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் பிறக்கவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில் புளியங்கூடலில் பனையோலைகூடச் சத்தம் போடாது. காலை எட்டு மணிக்கே முற்றத்து மண் காலைச் சுடும். கடல் கிட்டத்தில்தான் கிடக்கிறது, ஆனால் அதிலிருந்து வருவது குளிர்ச்சியல்ல, ஈரம். கொடியில் போட்ட சேலை காயும், உடுத்திருக்கிற சேலை காயாது. மத்தியானம் திரும்பினால் தெற்கே புங்குடுதீவுப் பக்கமாக வெள்ளை முகில்கள் குவியத் தொடங்கி, அடிப்பக்கம் கறுத்து வரும். சில நாள் முழங்கிவிட்டுக் கடலோடு போய்விடும். சில நாள் ஊருக்குள் வந்துவிடும். சித்திரைக் குழப்பம் என்று அதற்குப் பெயர்.

ஆழ்வாப்பிள்ளைக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. மாரியில் ஒரு போகம் நெல், கோடையில் கிணற்றடியோடு ஒரு துண்டு மிளகாய்த் தோட்டம், செங்காரி என்ற ஒரு பசு, அதன் கன்று. இவ்வளவுதான் அவருடைய சீவியம். மனைவி பரிமளம் அவருக்கு ஐந்து வயது இளையவள். ஒரே மகள் பிரியவதனி வவுனியாவில் ரீச்சராக இருந்தாள்.

கலியாணம் முடித்து இருபத்தொன்பது வருஷத்தில் அவர்கள் பக்கம் பக்கமாக நடந்து போனதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை. கோயிலுக்குப் போனாலும் அவர் பத்தடி முன்னே போவார், அவள் பின்னே போவாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் இல்லை. அவளுக்கு அவர் 'இஞ்சாருங்கோ', அவருக்கு அவள் 'இஞ்சாரும்'. சண்டை என்றும் பெரிதாக இல்லை, கொஞ்சல் என்றும் ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு மத்தியானம் பழஞ்சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடும் மாங்காய்ச் சம்பலோடும் குடித்துவிட்டு ஆழ்வாப்பிள்ளை விறாந்தையில் பாயை விரித்தார்.

"கொஞ்சம் சரியப்போறன். தலைக்குள்ள வெக்கை ஏறிக் கிடக்கு."

பரிமளம் முற்றத்தில் வேப்பம்பூ வடகத்தைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பாய் நிறைய வடகம். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள்.

"இப்ப சரிஞ்சா எழும்ப மாட்டியள். உங்கால இருட்டிக்கொண்டு வருது. செங்காரி வெளியில நிக்குது."

"நேற்றும் இருட்டினதுதானே. முழங்கிப்போட்டுப் போட்டுது."

"நேற்று மாதிரி இல்லை இது. பாருங்கோ, ஒரு காகத்தைக் காணேல்லை."

"ஒரு பத்து நிமிசம் விடுமன்."

"மாடு நனைஞ்சு பால் குறைஞ்சா என்னைத்தான் குறை சொல்லுவியள். நான் வடகத்தைப் பாக்கவோ, மாட்டைப் பாக்கவோ? எழும்பிப் போங்கோ."

அவர் முனகிக்கொண்டே எழுந்தார். துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் குனிந்து ஒரு பாயின் மூலையை அவளுக்கு மடித்துக் கொடுத்துவிட்டு, வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் புகுந்து வயலில் இறங்கினார்.

இரண்டாவது பாயைச் சுருட்டும்போது முதல் துளிகள் விழுந்தன. பாயை உள்ளே எறிந்துவிட்டு அவள் திரும்பிய நேரம் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. வீட்டுத் தகரம் அதிர்ந்தது. பரிமளம் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே முற்றத்தில் குந்திவிட்டாள். கண்ணைத் திறந்தபோது வயலில் தனியே நின்ற வேம்பிலிருந்து வெண்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். அறுத்த நெல்லின் அடிக்கட்டைகள் காலில் குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. வேம்பின் பட்டை உச்சியிலிருந்து வேர் வரை உரிந்திருந்தது. செங்காரி நாலு காலும் விறைக்கக் கிடந்தது. அதற்கு இப்பால் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஆழ்வாப்பிள்ளை மல்லாந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. மழை அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, அவர் கண்ணை மூடவில்லை.

அடுத்த வயல் வரம்பில் தியாகலிங்கம் நின்றார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். சாக்கு ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர், கிட்ட வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"தொடாதை பிள்ளை. உடம்பில கரண்ட் நிக்கும். தொட்டா நீயும் போவாய்."

பரிமளம் அவரைப் பார்த்தாள், கிடக்கிற மனுஷனைப் பார்த்தாள்.

"மணலைத் தோண்டிக் கழுத்தளவுக்குப் புதைச்சா இறங்கும் எண்டு எங்கட அப்பு சொல்லுறவர். நான் போய் மம்பட்டி எடுத்தாறன்" என்றார் தியாகலிங்கம். கெட்ட மனுஷன் இல்லை அவர், பயந்துபோனார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மாக்கிறேற் வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி வந்தாள். முப்பத்தைந்து வயது. புருஷன் டிலோன் ஊர்காவற்துறையில் கடற்தொழில் செய்பவன். அவள் வந்த வேகத்திலேயே மண்ணில் விழுந்து ஆழ்வாப்பிள்ளையின் மூக்கடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, மூச்சு இல்லை."

"ஓம்."

"அண்டைக்கு அந்த நேர்ஸ் பிள்ளை காட்டினதுதானே. அமத்துங்கோ. நான் எண்ணுறன்."

போன மாசி மாதம் மாதர் சங்கக் கட்டிடத்தில் ஒரு முதலுதவி வகுப்பு நடந்தது. நிரோஜினி என்ற நேர்ஸ் ஒரு றப்பர்ப் பொம்மையைக் கொண்டுவந்திருந்தாள். கையும் காலும் இல்லாத, இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ஆம்பிளைப் பொம்மை. அதைக் கண்ட உடனேயே பெண்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பரிமளம் போனது பின்னேரம் சாப்பாட்டுப் பார்சலும் ஒரு பிளாஸ்ரிக் வாளியும் தருவார்கள் என்று மாக்கிறேற் சொன்னதால்தான். நெஞ்சில் அமத்தச் சொன்னபோது அமத்தினாள். வாயில் ஊதச் சொன்னபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து பின்னால் போய் இருந்துவிட்டாள். மின்னல் அடித்த ஆளைத் தொடலாமோ என்று யாரோ கேட்டதற்கு, "தொடலாம் அம்மா, அந்த உடம்பில கரண்ட் நிக்காது. தொடாம விட்டாத்தான் ஆள் போகும்" என்று அந்த நேர்ஸ் சொன்னது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

பரிமளம் முழங்காலில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, புருஷனின் நெஞ்சின் நடுவில் அமத்தத் தொடங்கினாள்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று மாக்கிறேற் எண்ணினாள். "இன்னும் பலமா அக்கா. பொம்மை மாதிரி."

முப்பது வந்தது.

"இப்ப ஊத வேணும்" என்றாள் மாக்கிறேற். "வாய்க்கு நீங்கள்தான்."

பரிமளம் தலை நிமிர்ந்தாள். வேலியோரம் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர், பூசைக்குப் பூப் பிடுங்குகிற கிழவர், இரண்டு மூன்று பெண்கள். எல்லோரும் மழைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கணம்தான். அவள் அவருடைய மூக்கைப் பிடித்து, குனிந்து, வாயில் வாய் வைத்து ஊதினாள். அவருடைய வாயில் மோரும் பச்சை மாங்காயும் மணத்தது. நெஞ்சு எழும்பித் தாழ்ந்தது. இன்னொரு தரம் ஊதினாள்.

பிறகு திரும்பவும் முப்பது. கை சோர்ந்தபோது மாக்கிறேற் அமத்தினாள், அவள் எண்ணினாள். தியாகலிங்கம் சாக்குக்குள் போனை ஒளித்து வைத்துக்கொண்டு அம்புலன்சுக்கு அடித்தார். இடம் சொல்லி, வழி சொல்லி, பிறகு அந்த மின்னலுக்குள்ளேயே றோட்டுக்கு ஓடிப் போய் மறிப்பதற்கு நின்றார். எத்தனையாவது முப்பதிலோ பரிமளத்தின் கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. சுள்ளி முறிகிற சத்தம்.

"ஐயோ, முறிஞ்சு போச்சு" என்றாள்.

"முறியட்டும். நிப்பாட்டாதேங்கோ."

அவள் நிப்பாட்டவில்லை. ஊதுவதற்குக் குனிந்தபோது அவருடைய தொண்டைக்குள்ளிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. மாக்கிறேற் எண்ணுவதை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் இன்னொரு தரம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நீளமான மூச்சு.

அம்புலன்ஸ் மண்கும்பானைத் தாண்டும்போது ஆழ்வாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். வாய் அசைந்தது. பரிமளம் காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"மாடு" என்றார்.

"நிக்குது" என்றாள் அவள். நனைந்த சேலையோடு அவளுக்குக் குளிரத் தொடங்கியிருந்தது.

பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். வவுனியாவிலிருந்து பிரியவதனி வந்து நின்றாள். இடது காதின் சவ்வு போய்விட்டது, வலது காதில் பாதிதான் கேட்கும் என்றார்கள். விலாவில் மூன்று எலும்பு வெடித்திருந்தது. தோளில் பன்ன இலை மாதிரிக் கிளை விட்டுச் சிவப்பாக ஓடியிருந்த கோடுகள் இரண்டு நாளில் தானாக மறைந்துவிட்டன. அந்த நாளைப் பற்றி அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"காலமை மாட்டுக்குத் தண்ணி வைச்சது தெரியும்" என்றார். "பேந்து இந்தக் கட்டில்தான்."

மூச்சு எடுக்கும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டார். "இடி விழுந்தா விலாவும் முறியுமோ?" என்று மகளிடம் கேட்டார். மகள் தாயைப் பார்த்தாள். தாய் பிளாஸ்கைக் கழுவ எழுந்து போனாள்.

தண்ணீர்ப் பைப்படியில் வைத்துப் பிரியவதனி கேட்டாள். "அம்மா, டொக்டர் என்ன சொன்னவர் தெரியுமே? நீங்கள் செய்யாட்டி அப்பா வந்து சேந்திருக்க மாட்டாராம். அதை அவருக்குச் சொல்லுங்கோவன்."

"என்னத்தைச் சொல்ல? சும்மா இரு பிள்ளை."

"வெக்கமோ?"

"அதொண்டுமில்லை."

வெட்கம் இருந்தது, ஆனால் அது மட்டும் இல்லை. படுக்கப்போன ஆளை எழுப்பி அனுப்பியது தான்தான் என்பது அவளுக்கு இரவும் பகலும் ஞாபகத்தில் நின்றது. அவருக்கு அது மறந்துபோய்விட்டது. சொல்லத் தொடங்கினால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்று ஆழ்வாப்பிள்ளை நேரே மாட்டுக் கொட்டிலுக்குப் போனார். கன்று மட்டும் நின்றது. வெறும் கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கை தாட்டது?"

"தியாகலிங்கண்ணைதான் ஆள் பிடிச்சு, கிடங்கு வெட்டி, வேம்புக்குப் பக்கத்தில. எல்லாம் வடிவாச் செய்தவர்" என்று அவருடைய வலது காதுக்குள் சொன்னாள்.

அம்புலன்சில் 'நிக்குது' என்று ஏன் சொன்னீர் என்று அவர் கேட்கவில்லை, அதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து போத்தலில் பால் கொடுப்பது அவர் வேலை.

மனுஷன் மாறித்தான் போனார். மத்தியானத்தில் தெற்கே ஒரு முகில் வெளுத்தால் போதும், தோட்டத்தை விட்டுவிட்டு வந்து அறைக்குள் கதிரையில் ஏறிக் காலையும் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். ஜன்னல்களைச் சாத்தச் சொல்வார். அந்த அவிச்சலில் அறைக்குள் இருக்க ஏலாது, வியர்வை கதிரையால் வழியும். ஆனாலும் அசையமாட்டார். அவளையும் வெளியே விடமாட்டார். சமைக்கிற குசினி தனியே முற்றத்துக்கு அங்கால் இருந்தது. அதற்குப் போனாலும், "உள்ள வாரும், உள்ள வாரும்" என்று கத்துவார். தன்னுடைய குரல் தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார்.

ஊருக்கும் கதைக்க விஷயம் இருந்தது. கடையடியில், "வாயோட வாய் வைச்சு உயிர் குடுத்தவ" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்தார். அதில் கெடுதி ஒன்றும் இல்லை. ஆனால் பரிமளம் இரண்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. மாக்கிறேற் வேலியால் எட்டிப் பார்த்து மீன் பார்சலை நீட்டியபோது அதைக் கேட்டாள்.

"ஏனக்கா இண்டைக்கும் போகேல்லை?"

"எல்லாரும் என்ரை வாயைத்தான் பாக்கினம்."

"பாத்தா என்ன? உங்கட மனுசன்தானே. உங்களுக்கு மோர் மணம். நான் டிலோனுக்கு ஊத வேண்டி வந்தா எனக்கு என்ன மணக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

பரிமளம் பல நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை" என்றாள்.

"சொல்லுங்கோ அக்கா. வேற ஆரும் சொல்ல முதல் சொல்லுங்கோ."

வேறு ஆள் சொல்லிவிட்டார். வைகாசி பிறக்க இரண்டு நாள் இருக்கும். காலையில் தியாகலிங்கம் ஒரு குலை நுங்கோடு வந்தார். கன்றைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார், பிறகு ஆழ்வாப்பிள்ளையின் காதடியில் குனிந்து வெகுநேரம் ஏதோ சொன்னார். போகும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. பரிமளம் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அன்று மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கன்றைக் கொட்டிலுக்குள் கட்டிவிட்டு, அவர் கூப்பிடுவதற்கு முன்னமே உள்ளே போனாள். அவர் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மழை தகரத்தில் கல் எறிவது போல விழத் தொடங்கியது.

"இஞ்சாரும். இதில இரும்."

அவள் வலப்பக்கத்தில் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டு அதில் இருந்தாள்.

"தியாகலிங்கண்ணை என்னட்டை மன்னிப்புக் கேட்டவர். ஏன் எண்டு விளங்கேல்லை. தொடாதை எண்டு தான் சொன்னதாம், நீர் கேக்கேல்லையாம், ஏதோ வகுப்பில காட்டினதைச் செய்தனீராம். பாதிதான் காதில விழுந்தது. என்ன நடந்தது?"

"அம்புலன்ஸ்காரர் வந்து…"

"அதை விடும். அது நீர் முந்தியும் சொன்னனீர்." அவர் அவளை நேரே பார்த்தார். "ஊரில எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நான்தானே செத்த ஆள். எனக்குச் சொல்ல வேணுமோ இல்லையோ?"

பரிமளம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஆ? கேக்கேல்லை."

கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். மின்னல் ஜன்னல் நீக்கலால் வந்து போனது, அவர் தோள் உதறியது. மழைச் சத்தத்தில் மறுபடியும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் எழுந்து அவருடைய வலது காதைக் கையால் கூட்டிப் பிடித்து, மழைக்கு மேலால் கத்தினாள்.

"நான்தான் உங்களை அனுப்பினனான். நீங்கள் பாய் விரிச்சுப் படுக்கப் போனனீங்கள். பத்து நிமிசம் விடு எண்டு கேட்டனீங்கள். நான்தான் எழுப்பி வயலுக்கு அனுப்பினனான்."

அவருக்குக் கேட்டுவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மாடு வெளியில நிண்டதோ?"

"ஓம்."

"அப்ப ஆரோ போகத்தானே வேணும். நான் படுத்திருந்தா நீர் போயிருப்பீர். உம்மை ஆர் பேந்து எழுப்பிறது? எனக்கு உந்த வகுப்பு ஒண்டும் தெரியாது. பேந்து? பேந்தென்ன நடந்தது?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கத்திக் கத்திச் சொன்னாள். மரம் புகைந்ததை, ஒரு செருப்பு இல்லாமல் கிடந்ததை, மாக்கிறேற் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்ததை, அவள் எண்ண எண்ணத் தான் நெஞ்சில் அமத்தியதை.

"எந்த இடத்தில அமத்தினனீர்?"

"இதில." அவள் உள்ளங்கையை அவருடைய நெஞ்சில் வைத்தாள். அவருடைய கை வந்து அதன் மேல் இருந்தது. "அமத்தி அமத்தித்தான் விலா முறிஞ்சது. இடியில்லை. நான்தான்."

"நினைச்சனான். இடிக்கு மூண்டு எலும்பை எண்ணி முறிக்கத் தெரியாது."

"பகிடி விடாதேங்கோ. இருபது நிமிசம் நிப்பாட்டாமச் செய்தனாங்கள்."

"அமத்தினா மூச்சு வருமோ?"

"அமத்தினாக் காணாது. பேந்து…"

"ஆ?"

அவள் மூச்சை இழுத்து, இருந்த பலம் முழுவதையும் கூட்டிக் கத்தினாள்.

"வாயில வாய் வைச்சு ஊதினனான்."

அந்த நேரம் பார்த்து மழை நின்றுவிட்டது. சித்திரை மழை அப்படித்தான், குழாயைப் பூட்டுவது போல நிற்கும். தகரம் ஓய்ந்துவிட்ட அந்த அமைதியில் அவளுடைய குரல் வீட்டைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, ஒழுங்கை முழுவதும் போனது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. பரிமளம் கையை வாயில் வைத்தபடி நின்றாள்.

வேலிக்கு அங்காலிருந்து மாக்கிறேற்றின் குரல் வந்தது.

"அக்கா, இருபது இல்லை. இருபத்தைஞ்சு நிமிசம். நான் போனில பாத்தனான்."

ஆழ்வாப்பிள்ளை மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் திரும்பினார். "ஆர் கத்தினது?"

"மாக்கிறேற்."

"என்னவாம்?"

"இருபது நிமிசம் இல்லையாம். இருபத்தைஞ்சாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு, நோகிறது என்று தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவருடைய சிரிப்பு அடங்கியது. கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அவர் அதைத் துடைக்கவும் இல்லை.

"இருபத்தைஞ்சு நிமிசம்" என்றார். கதிரையிலிருந்து காலைக் கீழே இறக்கினார். "இஞ்சாரும் பரிமளம், முதலிலயிருந்து சொல்லும். ஒண்டையும் விடாமச் சொல்லும்."

அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து, வலது காதுப் பக்கமாக வாங்கை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டாள். குரலைக் குறைக்காமலே சொல்லத் தொடங்கினாள்.